டவரும் கைபேசியும் போடும் கணக்கு

4ஜி கைபேசிகளின் தொழில்நுட்பக் குறிப்புகளைப் படித்தவர்களுக்கு 150 எம்பிபிஎஸ் என்ற எண் பழக்கமானது. யாரோ ஆசைக்குப் போட்ட எண் இல்லை அது. தாளும் பேனாவும் இருந்தால் நாமே கணக்குப் போட்டு அதை எட்டிவிடலாம்.

20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைக்கற்றையை எடுத்துக்கொள்வோம். இரு ஓரங்களிலும் கொஞ்சம் காலி இடம் விட்டு, மிச்சமுள்ள 18 மெகாஹெர்ட்ஸை 15 கிலோஹெர்ட்ஸ் கீற்றுகளாக நறுக்கினால் 1200 கீற்றுகள். ஒவ்வொரு கீற்றிலும் ஒரு மில்லிநொடிக்குள் 14 குறியீடுகளை அனுப்பலாம். ஆக, மில்லிநொடிக்கு 16,800 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 6 பிட் வைத்தால் 1,00,800 பிட். டவரிலும் கைபேசியிலும் இரண்டிரண்டு ஆன்டெனாக்கள் இருந்து, இரண்டு ஓடைகளை ஒரே நேரத்தில் அனுப்ப முடிந்தால் அது 2,01,600 ஆகிறது. இதில் ஏறக்குறையக் கால் பங்கு நம் தரவைச் சுமப்பதில்லை. வழிகாட்டும் சிக்னல்கள், டவரின் உத்தரவுகள், பிழைதிருத்தத்துக்கான கூடுதல் பிட்டுகள் என்று போய்விடும். மிஞ்சுவது மில்லிநொடிக்கு ஒன்றரை லட்சம் பிட்; நொடிக்கு 150 மெகாபிட். 5ஜிக்கும் இதே பெருக்கல்தான். அங்கே கற்றை 100 மெகாஹெர்ட்ஸ், இடத்துக்கு 8 பிட், ஓடைகள் நான்கு என்று எல்லாமே பெரிதாவதால் விடை ஒரு கிகாபிட்டைத் தாண்டுகிறது.

இந்தக் கணக்குக்குள் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. அந்த 16,800 இடங்களும் ஒரே கைபேசிக்குக் கிடைக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் 6 பிட் சேதமில்லாமல் போய்ச் சேர வேண்டும். இரண்டும் ஒருசேர வாய்ப்பது அபூர்வம். அதனால்தான் அதே டவரின் கீழ் ஒருவருக்கு 40 எம்பிபிஎஸ், இன்னொருவருக்கு 12, மாடிப்படிக்கு அடியில் நிற்பவருக்கு ஒன்றுகூட இல்லை. யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? இந்தக் கேள்விக்கு டவரும் கைபேசியும் ஒவ்வொரு நொடியும் பல நூறு முறை விடை தேடிக்கொண்டே இருக்கின்றன.

ஓர் இடத்தில் எத்தனை பிட் வைக்கலாம் என்பதற்கான எல்லையை 1948-இல் கிளாட் ஷானன் கண்டுபிடித்தார். பெல் ஆய்வகத்தின் இதழில் அந்த ஆண்டு ஜூலையிலும் அக்டோபரிலும் இரண்டு பகுதிகளாக வந்த அவருடைய கட்டுரையைத் தகவல்தொடர்பு அறிவியலின் தொடக்கம் என்றே சொல்லலாம். சிக்னலின் வலிமையை இரைச்சலின் வலிமையால் வகுக்க வேண்டும். அதோடு ஒன்றைக் கூட்டி, இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கை எடுத்து, அலைக்கற்றையின் அகலத்தால் பெருக்கினால் அந்தத் தடத்தின் உச்ச வேகம் கிடைத்துவிடும். 20 மெகாஹெர்ட்ஸில் சிக்னல் இரைச்சலைப் போல 100 மடங்கு இருந்தால் நொடிக்கு 133 மெகாபிட்; 10 மடங்கு இருந்தால் 69; இரண்டும் சரிசமமாக இருந்தால் 20. எவ்வளவு கெட்டிக்காரப் பொறியாளர் வந்தாலும் ஓர் ஓடையில் இந்த எல்லையைத் தாண்ட முடியாது.

இந்தச் சூத்திரத்தில் நாம் கவனிக்க வேண்டியது வகுத்தலை. கைபேசித் திரையின் மேல் மூலையில் தெரியும் கோடுகள் பெரும்பாலும் மேலே உள்ள எண்ணை, அதாவது சிக்னலின் வலிமையை மட்டுமே காட்டுகின்றன. கீழே வகுக்கும் எண்ணைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை. எத்தனை டெசிபெல்லுக்கு எத்தனை கோடு என்பதற்குப் பொதுவான விதியும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. உண்மையான அளவைப் பார்க்க வேண்டுமானால், பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அமைப்புகளுக்குள் ‘போனைப் பற்றி’ என்ற பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் போதும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் சோதனைத் திரை வரும். அங்கே -97 டிபிஎம் என்பது போல ஓர் எண் இருக்கும். நகரத்து வீட்டுக்குள் இது சாதாரணமான அளவு. -80 என்றால் நல்ல சிக்னல். -115 என்றால் தள்ளாட்டம்.

அந்த -97 எவ்வளவு சிறியது என்று பாருங்கள். ஒரு வாட்டைக் கோடியால் வகுத்து, வந்ததை மறுபடி ஐந்து லட்சத்தால் வகுத்தால் கிடைப்பது. ஒரு கீற்றில் இவ்வளவுதான் கைபேசிக்கு வந்து சேர்கிறது. ஆனாலும் இது தாராளம். மின்னணுக்களின் வெப்ப அசைவால் 15 கிலோஹெர்ட்ஸ் கீற்றில் இயல்பாகவே எழும் இரைச்சல் -132 டிபிஎம். கைபேசியின் சுற்றுகள் தம் பங்குக்கு ஒரு 8 டெசிபெல்லைச் சேர்த்தாலும் -124 தான். நம் சிக்னல் அதைவிட 27 டெசிபெல் மேலே, அதாவது 500 மடங்கு வலிமையோடு நிற்கிறது. ஷானனின் கணக்குப்படி ஓர் ஓடையில் 179 எம்பிபிஎஸ் வரை போகலாம்.

இப்போது அடுத்த தெரு டவரைக் கணக்கில் சேர்ப்போம். 4ஜியில் பக்கத்துப் பக்கத்து டவர்கள் ஒரே அலைக்கற்றையையே பயன்படுத்துகின்றன. ஏலத்தில் கோடிகள் கொட்டி வாங்கியதை ஒரு டவரில் பயன்படுத்திவிட்டு அடுத்த டவரில் சும்மா வைக்க யாருக்கும் மனசு வராது. அந்தப் பக்கத்து டவரின் அலை நம் கைபேசியை -99 அளவில் எட்டினால், நம் சிக்னலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி வெறும் 2 டெசிபெல். உச்ச வேகம் 179-இலிருந்து 27-க்கு இறங்கிவிடுகிறது. மேல் மூலைக் கோடுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை! டவர்கள் நெருக்கமாக இருக்கும் நகரத்தில் சிக்னல் நிறைய இருந்தும் நெட் நகராமல் நிற்பதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று இது. கிராமத்தில் கதை வேறு. அங்கே மேலே உள்ள எண்ணே சிறுத்துவிடுகிறது.

இந்த வகுத்தலைக் கைபேசி எப்படிப் போடுகிறது? டவர் தன் அலைகளுக்கு நடுவே, இருவருக்கும் முன்பே தெரிந்த சில குறியீடுகளைத் தூவிக்கொண்டே இருக்கிறது. என்ன வந்திருக்க வேண்டும் என்று கைபேசிக்குத் தெரியும். என்ன வந்தது என்பதும் தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் இருந்து வழியில் அலை எப்படிச் சிதைந்தது, இரைச்சலும் குறுக்கீடும் எவ்வளவு என்றெல்லாம் கணித்து, கடைசியில் 0 முதல் 15 வரை ஒரே ஓர் எண்ணை டவருக்கு அனுப்புகிறது. நான்கே பிட்டில் முடிந்துபோகும் அறிக்கை. அதில் 15 என்றால் ஓர் இடத்தில் 5.55 பிட் வரை தாங்கும் என்று பொருள். 7 என்றால் ஏறக்குறைய ஒன்றரை பிட். 1 என்றால் 0.15 பிட்தான், ஒரே பிட்டைக் கொண்டுசேர்க்க ஆறேழு இடங்களைச் செலவழிக்க வேண்டும். முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் இடையில் 36 மடங்கு வித்தியாசம்.

இந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கும் விதிதான் இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பத்தில் ஒரு தரவுப் பொட்டலம் கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும் மிக உயர்ந்த படியைச் சொல்ல வேண்டும் என்கிறது விதி. பத்து சதவீதப் பிழை என்பது கேட்பதற்கு அலட்சியமாகத் தோன்றும். ஆனால் ஒரு பொட்டலமும் கெடக்கூடாது என்று பயந்து இரண்டு படி கீழே இறங்கினால், பத்துப் பொட்டலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை இழப்போம். துணிந்து மேலே ஏறி, ஒன்று கெட்டால் மறுபடி அனுப்பிக்கொள்வது அதைவிட லாபம். கெட்டுப்போன பொட்டலத்தையும் கைபேசி தூக்கி எறிவதில்லை. ஒரு சான்றிதழின் மங்கலான இரண்டு ஜெராக்ஸ்கள் கையில் இருந்து, ஒன்றில் அழிந்த எழுத்து மற்றதில் தெரிந்தால் இரண்டையும் சேர்த்துவைத்துப் படித்துவிடுவோம் அல்லவா, அதைப் போல முதல் பொட்டலத்தையும் மறுமுறை வந்ததையும் சேர்த்தே கைபேசி படிக்கிறது. அநேகமாக இரண்டாவது முறையில் வேலை முடிந்துவிடும். இந்த மறுசுற்றுக்கு 4ஜியில் ஆகும் நேரம் சுமார் 8 மில்லிநொடி. நம் கண்ணுக்கோ காதுக்கோ தெரியாத தாமதம்.

ஆனால் அந்த அறிக்கையே பழசாகிவிட்டால்? 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 16.7 சென்டிமீட்டர். கட்டடங்களிலும் வண்டிகளிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று மோதுவதால், அதில் பாதித் தூரம், அதாவது ஒரு சாண்கூட இல்லாத 8 சென்டிமீட்டர் நகர்ந்தாலே உச்சத்தில் இருந்த சிக்னல் பள்ளத்தில் விழலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பேருந்து ஐந்தே மில்லிநொடியில் அந்தத் தூரத்தைக் கடந்துவிடும். கைபேசி அளந்து, அறிக்கை அனுப்பி, டவர் அதைப் படித்து, அதன்படி பொட்டலம் கட்டி அனுப்புவதற்குள் கைபேசி வேறொரு மேட்டிலோ பள்ளத்திலோ இருக்கும். டவருக்குத் தெரிந்தது எப்போதும் கொஞ்ச நேரத்துக்கு முந்தைய கைபேசியைத்தான்.

இதற்கு டவர் கண்டுபிடித்த மாற்றுவழி எளிமையானது. கைபேசி சொல்லும் எண்ணோடு தன் அனுபவத்தில் இருந்து ஒரு திருத்தத்தைச் சேர்த்துக்கொள்கிறது. பொட்டலம் ஒழுங்காகச் சேர்ந்தால் திருத்தத்தை ஒரு சிறு படி ஏற்றும். சேரவில்லை என்றால் அதே அளவில் ஒன்பது படி இறக்கும். பத்தில் ஒன்பது சேர்ந்து ஒன்று தவறினால் ஒன்பது ஏற்றமும் ஒன்பது இறக்கமும் சரிக்குச் சரியாகி, திருத்தம் அப்படியே நிற்கும். அப்படியானால் பிழை எத்தனை சதவீதம்? நாம் வேண்டிய பத்து. கைபேசி கொஞ்சம் பெருமையடித்துக் கூட்டிச் சொன்னாலும், பயந்து குறைத்துச் சொன்னாலும், பேருந்தில் இருந்தாலும் மேசையில் கிடந்தாலும் பொட்டலங்கள் போகப் போக இந்தத் திருத்தம் அதைச் சரிக்கட்டிவிடும். ஏன் தவறியது என்று தெரிந்துகொள்ளாமலேயே தவறின் விகிதத்தைக் கட்டுக்குள் வைத்துவிடுகிறது.

இதுவரை பார்த்தது ஓர் இடத்தில் எத்தனை பிட் என்ற பாதிக் கேள்விதான். அந்த 16,800 இடங்களில் நமக்கு எத்தனை கிடைக்கும் என்ற மறுபாதியை முடிவு செய்வது டவருக்குள் இருக்கும் பங்கீட்டு நிரல். நல்ல சிக்னல் உள்ளவருக்கே எல்லாவற்றையும் கொடுத்தால் டவரின் மொத்த வேகம் உச்சத்துக்குப் போகும். ஓரத்தில் இருப்பவர் பட்டினி. எல்லோருக்கும் ஒரே வேகம் என்று முடிவெடுத்தால், மோசமான இடத்தில் நிற்கும் ஒருவரே பெரும்பாலான இடங்களை விழுங்கிவிடுவார். இரண்டுக்கும் நடுவில் பிரமோத் விஸ்வநாத், டேவிட் சே, ராஜீவ் லரோயா ஆகியோரின் 2002-ஆம் ஆண்டுக் கட்டுரை அலசிய வழி இன்றுவரை செல்வாக்கோடு இருக்கிறது. ஒவ்வொரு கைபேசிக்கும் ‘இந்த நொடியில் கிடைக்கக்கூடிய வேகம்’ என்பதை ‘அதற்கு இதுவரை கிடைத்துவந்த சராசரி வேகம்’ என்பதால் வகுத்து, யாருக்கு விடை பெரிதோ அவருக்குக் கொடுப்பது. தன் வழக்கத்தைவிட நல்ல நிலையில் இருக்கும் நொடியில் ஒவ்வொருவருக்கும் முறை வருகிறது. கூடுதல் வேகமும் கிடைக்கிறது, யாரும் பட்டினி கிடக்கவும் இல்லை.

கைபேசி தன் சிக்னலை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், அதே டவரின் கீழ் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதை டவர் அதற்குச் சொல்வதில்லை. விடிகாலையிலும் இரவு 9 மணிக்கும் உங்கள் திரையில் ஒரே -97 இருக்கும். கிடைக்கும் வேகமோ வெகுவாக மாறியிருக்கும். 2015-இல் வெளியான பைஸ்ட்ரீம் என்ற ஆய்வு இதற்கு ஒரு நல்ல வழியைச் சொன்னது. எல்லாக் கீற்றுகளிலும் என்ன ஆற்றல் வருகிறது என்று கைபேசியே கேட்டுப் பார்த்து, ஆற்றல் இல்லாத இடங்களைக் காலி இடங்கள் என்று கணக்கிடுவது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால் கிடைக்கக்கூடிய வேகத்தை ஓரளவு மதிப்பிடலாம். இது நம் கைபேசிகளில் சாதாரண வசதியாக வந்துசேரவில்லை என்பது எனக்கு வருத்தமே. இந்தத் தகவல் சிப்புக்குள் இருக்கிறது. மேலே இயங்கும் செயலிக்குத்தான் அது எட்டுவதில்லை.

எட்டாததால் செயலிகள் தம் போக்கில் ஊகிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஊகத்தின் கதை பழையது. 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, சில நூறு மீட்டர் தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் ஓடிக்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்குச் சரிந்தது. எல்லோரும் தம் இஷ்டத்துக்கு அனுப்பியதால் வந்த நெரிசல். அதைப் பார்த்துத் திகைத்த வான் ஜேக்கப்சன் 1988-இல் எழுதிய கட்டுரையின் வழிமுறைதான் இன்றைய இணையத்தின் அடிப்படைப் பழக்கம்: கொஞ்சமாக அனுப்பு, போய்ச் சேர்ந்தால் இரட்டிப்பாக்கு, தொலைந்தால் குறை. இன்று பொதுவாகப் பத்துப் பேக்கெட்டில் தொடங்குவார்கள். போய்வர 50 மில்லிநொடி ஆகும் இணைப்பில் 10, 20, 40, 80 என்று நான்கு சுற்றில் 150 பேக்கெட்டுகள், சுமார் 220 கிலோபைட் போயிருக்கும். எடுத்துக்கொண்ட நேரம் 200 மில்லிநொடி. வேகம் 9 எம்பிபிஎஸ்கூட இல்லை. டவர் 100 எம்பிபிஎஸ் கொடுக்கத் தயாராக இருந்தாலும், சிறிய பக்கத்தைத் திறக்கும்போது அந்த வேகத்தை எட்டுவதற்குள் வேலையே முடிந்துவிடுகிறது. வேகச் சோதனைச் செயலியோ பக்கத்திலுள்ள சர்வரோடு பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து, பல நொடிகள் தொடர்ந்து தள்ளி, தொடக்கத்து மந்தத்தைக் கழித்துவிட்டு உச்சத்தைக் காட்டும். சோதனையில் 80 காட்டியும் பக்கம் மெல்லத் திறப்பதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

வீடியோச் செயலிகளுக்கு வேறொரு சிக்கல். அவை வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வாங்குகின்றன. ஒவ்வொரு துண்டும் எந்த வேகத்தில் வந்தது என்று பார்த்து, அடுத்த துண்டைத் தெளிவாகக் கேட்கலாமா மங்கலாகக் கேட்கலாமா என்று தீர்மானிக்கின்றன. ஒரே அளவுள்ள மூன்று துண்டுகள் 20, 20, 2 எம்பிபிஎஸ் வேகங்களில் வந்ததாக வைத்துக்கொள்வோம். கூட்டி மூன்றால் வகுத்தால் 14. ஆனால் மூன்றாவது துண்டு மட்டும் மற்றவற்றைப் போலப் பத்து மடங்கு நேரம் எடுத்திருக்கிறது. மொத்தத் தரவை மொத்த நேரத்தால் வகுத்தால் உண்மையான வேகம் 5 தான். 14-ஐ நம்பி அடுத்த துண்டைக் கேட்ட செயலி நடுவில் நின்று சுழலும். இந்த இசைச் சராசரியை, வேகங்களின் தலைகீழ் எண்களைச் சராசரி எடுத்துத் திரும்பப் புரட்டும் முறையை, 2012-இல் வந்த ஃபெஸ்டிவ் ஆய்வு வீடியோவுக்குப் பரிந்துரைத்தது. ஒரு பெரிய உச்சம் வந்து மொத்த மதிப்பீட்டையும் கெடுத்துவிடாமல் இது காக்கிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து நெட்ஃபிளிக்ஸின் பயனாளர்களிடம் சோதித்துப் பார்த்த ஸ்டான்ஃபோர்ட் குழு இன்னும் துணிச்சலான முடிவுக்கு வந்தது. தே-யுவான் ஹுவாங், ரமேஷ் ஜோஹரி, நிக் மெக்கியூன் உள்ளிட்டவர்கள் அவர்கள். வேகத்தை ஊகிப்பதையே விட்டுவிட்டு, பஃபரில் எத்தனை நொடி வீடியோ சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்தார்கள். நிறைய இருந்தால் தெளிவான துண்டு, குறைந்தால் மங்கலான துண்டு. தொடக்கத்தில் பஃபர் காலியாக இருக்கும்போது மட்டும் கொஞ்சம் ஊகம் தேவைப்பட்டது. படம் நின்று சுழல்வது, நெட்ஃபிளிக்ஸ் அப்போது பயன்படுத்திய முறையைவிட 10 முதல் 20 சதவீதம் குறைந்தது.

நேரலை அழைப்பில் இப்படித் தப்பிக்க முடியாது. எதிர்முனையில் இருப்பவர் பேசுவதைப் பத்து நொடி முன்கூட்டியே வாங்கிச் சேர்த்துவைக்க வழியில்லை. அதனால் வீடியோ அழைப்புச் செயலிகள் பேக்கெட்டுகளுக்கு இடையே உள்ள நேர இடைவெளியை உற்றுப் பார்க்கின்றன. 20 மில்லிநொடிக்கு ஒன்றாக அனுப்பியவை 22, 24 என்று தள்ளித் தள்ளி வந்தால், டவரில் வரிசை நீள்கிறது என்று புரிந்துகொண்டு, எதுவும் தொலைவதற்கு முன்பே படத்தின் தரத்தைக் குறைத்துவிடுகின்றன. அதே கைபேசியில் பின்னணியில் ஒரு பெரிய அப்டேட் இறங்கிக்கொண்டிருந்தால் இந்த ஏற்பாடு தடுமாறும். டவர் ஒவ்வொரு கைபேசிக்கும் நீளமான வரிசை வைத்திருக்கிறது. பேக்கெட் எளிதில் தொலைவதில்லை. தொலைவதைப் பார்த்தே வேகத்தைக் குறைக்கும் பழைய முறை, ஒன்றும் தொலையாததால் வரிசையை நிரப்பிக்கொண்டே போகும். நம் குரல் அதன் பின்னால் நிற்கும். இதைத் தவிர்க்கத்தான் 2016-இல் கூகுள் குழு, வான் ஜேக்கப்சனும் அதில் ஒருவர், பிபிஆர் என்ற முறையைக் கொண்டுவந்தது. தொலைவதற்காகக் காத்திராமல், கிடைத்த உச்ச வேகத்தையும் மிகக் குறைந்த போய்வரும் நேரத்தையும் அளந்து அதற்கேற்ப அனுப்புகிறது.

டவரும் செயலியும் இத்தனை பாடுபட்டுக் கணிப்பவற்றை நாம் ஒற்றைச் சராசரியாகச் சுருக்கி, எந்த நிறுவனம் முதலிடம் என்று போட்டியாகவும் ஆக்கிவிடுகிறோம். 2023-இல் இந்திய அரசு அகலப்பட்டை என்பதற்கான குறைந்தபட்ச இறக்க வேகத்தை நொடிக்கு 512 கிலோபிட்டில் இருந்து 2 மெகாபிட்டாக உயர்த்தியது. அந்த 2-ஐ வேகம் எத்தனை சதவீத நேரம், எந்த இடங்களில், எந்த மணிகளில் தாண்டுகிறது என்பதே சந்தாதாரருக்கு வேண்டிய தகவல். பகலில் 90, இரவில் 1 என்று இரு எண்களைச் சராசரி எடுத்தால் ஏறக்குறைய 45 வரும். இரவில் பாடம் கேட்கும் மாணவிக்கு அந்த 45 எதற்கும் உதவாது. பத்துச் சோதனைகளில் ஒன்பது எந்த எண்ணைத் தாண்டுகின்றனவோ அந்த எண்ணையே நிறுவனங்கள் வட்டாரவாரியாக வெளியிட வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை நம் வீட்டுக்கு நாமே அளந்துகொள்ளலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016-இல் வெளியிட்ட மைஸ்பீடு செயலி இதற்குப் போதும். வைஃபையை அணைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே, இரவு 7 முதல் 10 மணிக்குள், ஒரு வாரத்துக்கு அவ்வப்போது அளந்து, ஒவ்வொரு முறையும் டிபிஎம் எண்ணையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். டிபிஎம் குறையும்போதெல்லாம் வேகமும் குறைந்தால், ஜன்னலோரம் போய்ப் பார்ப்பதில் பலன் உண்டு. டிபிஎம் அப்படியே இருக்க வேகம் மட்டும் விழுந்தால் கூட்டமோ பக்கத்து டவரோ காரணம். கூட்டமாக இருந்தால் விடிகாலையில் வேகம் மீண்டுவிடும். விடிகாலையிலும் மீளவில்லை என்றால் சந்தேகம் பக்கத்து டவர் மேல். அறையை மாற்றி, அந்த டவர் இருக்கும் திசைக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கனமான சுவர் வரும்படி உட்கார்ந்து பாருங்கள்.